மல்லிகா அக்காவின் பங்கில் கை வைக்காதீர்கள்

அன்றைக்குப் பெரிய டாக்டரின் அறையில் நான்கு பேர் இருந்தோம். டாக்டர், மருத்துவமனை மேலாளர், ஒரு நிலத்துக்காரர், நான். யாருடைய காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோமோ அந்த மல்லிகா அக்கா அங்கே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் வரைக்கும் எனக்கும்தான்.

பிசியோதெரபி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் மூன்று பேருக்கும் இதைத்தான் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். பட்டுக்கோட்டைப் பக்கம் சொந்தமாக ஒரு சிகிச்சை அறை எடுத்திருக்கிறேன். இனி தென்னை ஏறுகிறவர்களின் தோள்பட்டைதான் என் பாடம். முப்பது வயது ஆவதற்குள் ஓய்வு பெற்றவன் மாதிரிப் பேசுகிறானே என்று சிரிக்காதீர்கள். மெஷினை எப்படி இயக்குவது, கட்டு எப்படிப் போடுவது எல்லாம் உங்களுக்குக் காலேஜில் சொல்லியிருப்பார்கள். சொல்லாத ஒன்று இருக்கிறது.

டாக்டர் சொன்னது இது: "டெண்டன் நல்லா ஜாயின் ஆயிடுச்சு. அந்தம்மா நடக்குது. இதுக்கு மேல என்ன வேணும்? ஓட்டப்பந்தயத்துலயா ஓடப்போகுது? வயல் வேலை செய்யக்கூடாதுன்னு எழுதிக் குடுத்துடுங்க, முடிஞ்சுது."

நிலத்துக்காரருக்கும் அதில் சம்மதம்தான். மல்லிகா அக்காவின் குதிகால் நாண் அறுந்தது அவர் வயலில். "எனக்கு ஏதாச்சும் ஒரு பேப்பர் வேணும் சார். இறங்கலாம்னா இறங்கலாம்னு எழுதுங்க, கூடாதுன்னா கூடாதுன்னு எழுதுங்க. மறுபடி என் வயல்ல விழுந்துச்சுன்னா ஊரே என் வாசல்ல வந்து நிக்கும்."

அந்த டாக்டர் நல்ல கைக்காரர். தையலில் குறை சொல்ல முடியாது. ஆனால் போன மாதம்தான் இதே தசைநாண் அறுந்து வந்த ஒரு கிரிக்கெட் பையனிடம் அவர் எப்படிப் பேசினார் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. "ஆறே மாசம், மறுபடி கிரவுண்ட்ல நிக்க வைக்கிறேன்" என்று முதுகில் தட்டினார். அவனுக்கு கிரவுண்ட். இவருக்கு வீடு. நாண் ஒன்றுதான். யாருக்கு எவ்வளவு போதும் என்பதைத்தான் யாரோ வேறு வேறு படியில் அளக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் கால் நனையாமல் சம்பளம் வாங்குகிற முதல் ஆள் நான். என் அம்மா இன்றைக்கும் நடவுக்குப் போகிறார். எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

"அக்கா, உள்ள வாங்க."

"என்னப்பா இது?" என்றார் டாக்டர்.

"கால் அவங்களுதுதானே சார்."

மல்லிகா அக்கா உள்ளே வந்து, யாரும் நாற்காலி போடாததால் நின்றுகொண்டே இருந்தார். நாற்பது வயது இருக்கும். திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து ஊர்களில் ஒன்பது பெண்களைச் சேர்த்துக்கொண்டு நடவு எடுக்கிறவர். எந்த வயலுக்கு ஆள் வேண்டுமென்றாலும் போன் அவருக்குத்தான் வரும். மேலாளர் விஷயத்தைச் சொன்னார். வீட்டில் இருக்கலாம், இல்லையென்றால் நூறு நாள் வேலைக்குப் போகலாம் என்று ஆறுதலும் சொன்னார்.

"நூறு நாளு போவ மிச்ச நாளுக்கு நான் என்னங்க செய்யறது?" என்றார் அக்கா. "வரப்புல உக்காந்து குடிச்சிட்டு பாட்டில உடைச்சுப் போட்டவன் கால் நல்லாத்தான் இருக்கு. அவன் இன்னைக்குச் சாயங்காலமும் அங்க வருவான். அவன் வரலாம், நான் போகக்கூடாது. அப்படித்தானே எழுதப்போறீங்க?"

 நிலத்துக்காரர்தான் பேசினார். "சரி, பேப்பர் கிடக்கட்டும். கண்ணாலயே பாத்துக்கறேன். ஐப்பசித் தாளடி நடவுக்கு என் மூணு மா நிலத்துக்கு வா. நீயும் வரிசையில இறங்கு. பத்துப் பேரும் ஒரே நாள்ல நட்டு முடிச்சீங்கன்னா எப்பவும் போல என் நிலமெல்லாம் உங்களுக்குத்தான். முடியலன்னா நடவு மிஷினுக்குச் சொல்லிடுவேன். அப்புறம் என்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"வர்றோம்" என்றார் அக்கா.

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஏதாவது ஆச்சுன்னா உன் தலையிலதான்."

இனி, அந்தக் கால் எப்படி அறுந்தது என்று சொல்லிவிடுகிறேன். நடவு நடுகிறவர்கள் பின்பக்கமாக நகர்வார்கள். முன்னால் நட்டுக்கொண்டே ஓர் எட்டு பின்னால். ஆகையால் சேற்றுக்குள் முதலில் போவது குதிகால். ஆனி மாதக் குறுவை நடவு அன்று சேற்றில் நட்டுக்குத்தலாக நின்ற உடைந்த பாட்டில் கழுத்து, மல்லிகா அக்காவின் இடது குதிகாலுக்கு மேலே இறங்கியது. கெண்டைக்கால் சதையைக் குதிகாலோடு கட்டியிருக்கிற தசைநாண் அறுந்துபோனது. ஈரத்துணியைக் கிழித்து வைத்து வாழைநாரால் கட்டி, அந்தப் பெண்களே டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். தையல் அன்றைக்கே போட்டாயிற்று.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். டாக்டர் தைத்தது நாணை. சதையை யாரும் தைக்கவில்லை. தைக்கவும் முடியாது. நாண் அறுந்த நொடியில் சதை மேலே சுருண்டுகொள்கிறது. இழுப்பதற்கு எதுவும் இல்லாததால் அதன் நார்கள் மெலிகின்றன, குட்டையாகின்றன, நார்களுக்கு நடுவே கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாணைத் தைத்தபிறகும் அது தானாகச் சரியாவதில்லை. ஒவ்வொரு நாரின் பக்கத்திலும் தூங்குகிற சின்னச் சின்ன செல்கள் இருக்கின்றன. நாருக்குப் பாரம் வந்தால், இழுப்பு வந்தால், அவை விழிக்கும். பெருகும். பழைய நாரோடு போய்ச் சேர்ந்து அதைத் தடிக்க வைக்கும். நாணோடு சேருகிற முனையில் நார் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். பாரம் வராவிட்டால் அவை தூங்கிக்கொண்டேதான் இருக்கும். நாம் என்ன தடவினாலும், எந்த மெஷினை வைத்தாலும்.

அதனால்தான் அடுத்து வந்த சம்பா நடவின்போது, காயம் முழுதாக ஆறியதும், சின்ன வயல்களாகப் பார்த்து அவரைச் சேற்றில் இறங்கச் சொன்னேன். சேறு காலை லேசில் விடாது. அது விடாத காலை இழுத்து எடுப்பதும், பின்னால் வைத்த காலில் உடம்பை மெதுவாக இறக்குவதும் கெண்டைக்கால் செய்ய வேண்டிய வேலை. அதைவிட நல்ல பயிற்சி என்னிடம் இல்லை என்று நினைத்தேன்.

மருத்துவமனையில் அந்தக் கூட்டம் முடிந்ததும் அவரைச் சுவரோரம் நிறுத்தினேன். "வலது காலை மட்டும் ஊனி எக்குங்க அக்கா." எழும்பினார். "இப்ப இடது." முகம் இறுகியது, தோள் ஏறியது, குதிகால் தரையை விட்டு நகரவில்லை. ஒரு தாளை நுழைக்கக்கூட இடமில்லை.

ஆனால் நடையில் நொண்டல் இல்லை. அது எப்படி? அவருடைய ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இடது செருப்பில் கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும் குழி விழுந்திருந்தது. விரல்களை மடக்குகிற சதைதான் கெண்டைக்கால் செய்ய வேண்டிய வேலையை இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தது. ஒவ்வோர் அடியிலும் விரல் தரையைப் பிறாண்டிப் பிடித்துத் தள்ளியிருக்கிறது. பார்க்கிறவனுக்கு நடை ஒழுங்கு. டாக்டர் பார்த்தது அதைத்தான்.

"சம்பா முழுக்க சேத்துலதானே அக்கா நின்னீங்க?"

"நின்னேன் தம்பி" என்றார் அவர். செருப்பை என் கையிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்டார்.

அந்த "நின்னேன்" என்னை உறுத்தியது. மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு அவர்கள் நட்டுக்கொண்டிருந்த வயலுக்கே போனேன். பத்து முதுகுகள் வரிசையாகக் குனிந்திருந்தன. எனக்குத் தெரிந்த காட்சிதான், அதனால்தான் எது சரியில்லை என்பதும் உடனே தெரிந்தது. ஒன்பது பேர் நகர்கிறார்கள். ஒருவர் இடது காலை எடுத்து வைக்கவே இல்லை.

நடவு வரிசையில் கை எட்டுகிற அகலம் அவரவருக்கு ஒரு பங்கு. மல்லிகா அக்காவின் பங்கில் இடது ஓரத்தை, அன்றைக்கு டிராக்டரில் கூட வந்திருந்த ராசாத்தி அக்கா இடப்பக்கம் நின்று நட்டார். வலது ஓரத்தை வலப்பக்கம் நின்ற பெண். நாற்று முடியை, அதாவது நாற்றுக்கட்டை, எடுக்கவும் அவர் திரும்ப வேண்டியதில்லை, கைக்கே வந்தது. வரிசையோடு பின்னால் நகர வேண்டியபோது வலது காலால் எட்டு வைத்து, இடது காலைச் சேற்றோடு இழுத்துக்கொண்டார். இதையெல்லாம் அவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் செய்தார்கள். இந்தப் பக்கத்து நடவுக் கூட்டங்களில் அப்படித்தான். மாசமாக இருக்கிறவள், காய்ச்சலில் வந்தவள், யாராக இருந்தாலும் பக்கத்துக் கை அவள் பங்குக்குள் போய்விடும். கரையில் நிற்கிறவனுக்கு யார் முடியாதவள் என்பது தெரியவே தெரியாது. என் அம்மாவின் பங்கை அப்படி யார் யாரோ நட்டதால்தான் நான் பிறந்தேன்.

உடம்புக்குள்ளே விரல் சதை செய்துகொண்டிருந்ததை, உடம்புக்கு வெளியே இந்தப் பெண்கள் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டுமே பரிவுதான். இரண்டும் சேர்ந்து அந்தக் கெண்டைக்காலைத் தூங்க வைத்துவிட்டன.

டீ குடிக்க அவர்கள் கரையேறினார்கள். ராசாத்தி அக்காவுக்கு என் மடித்துவிட்ட பேண்ட்டைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"யாருடி இது, நிலத்தை அளக்க வந்த சர்வேயர் மாதிரி? அட, டாக்டர் தம்பி! என்ன, உங்களையும் ஆஸ்பத்திரியிலேர்ந்து விரட்டிட்டாங்களா? நாத்து முடி விளம்பத் தெரிஞ்சா வாங்க, ஆள் பத்தல."

"அக்கா, இனிமே மல்லிகா அக்கா பங்குல யாரும் கை வைக்காதீங்க."

சிரிப்பு நின்றது. "என்ன பேச்சு பேசுறீங்க? கூட நட்டவ கால் அறுந்து நிக்கிறா. நான் பாட்டுக்கு என் பங்க நட்டுட்டு ஏறிடணுமா? உங்க படிப்புல அதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

சுருக்கென்றது. அவர் கேட்டதில் தப்பில்லை. நான் சொல்ல வந்ததை அவர்கள் வயலிலிருந்தே எடுத்துச் சொன்னேன். "நட்ட பயிரு அங்கங்க பட்டுப்போனா ஊனுறதுக்கு வயல் மூலையில கொஞ்சம் நாத்து விட்டு வைக்கிறீங்கள்ல? இவங்க கால் சதைக்குள்ளேயும் அப்படி நாத்து இருக்கு. அது மூலையிலேயே கிடந்து முத்துது. எடுத்து ஊன ஆள் இல்ல. பாரம்தான் அந்த ஆளு. நீங்க பாரத்த வாங்கிக்கிட்டீங்க."

ராசாத்தி அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப நாங்க இத்தனை நாளா அவளுக்குக் கெடுதலா செஞ்சிருக்கோம்?"

  அதற்கு மல்லிகா அக்காதான் பதில் சொன்னார். "கெடுதல் ஒண்ணும் செய்யல. என்ன நொண்டின்னு எவனும் சொல்லாம பாத்துக்கிட்டீங்க. அது போதும். இனிமே சொல்றவன் சொல்லட்டும்."

அன்றிலிருந்து அவர் பங்கை அவரே நட்டார். பின்தங்கினார். சாயங்காலம் கல்லாய் இறுகிப்போன கெண்டைக்காலோடு வருவார், நான் பார்த்து அனுப்புவேன். வலி எவ்வளவு வரலாம், எது வந்தால் நிறுத்த வேண்டும் என்று இரண்டு பேரும் தெளிவாகப் பேசி வைத்திருந்தோம். இதில் முரட்டுத்தனத்துக்கு இடமில்லை. நாணைப் பிய்க்காமல் சதையை எழுப்ப வேண்டும், அந்த நடுப்பாதை குறுகலானது. விரலை மடக்காமல் நடக்கப் பழகுவதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

நிலத்துக்காரரின் மூன்று மா நடவு வந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். அவர் குடையும் நாற்காலியுமாக வரப்பில் உட்கார்ந்திருந்தார். மூன்று மா என்பது கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். பத்துப் பேருக்கு ஒரு நாள் வேலை, கை ஓய்ந்தால் இழுக்கும்.

மதியம் வரைக்கும் சமாளித்தார்கள். அதற்குப் பிறகு மல்லிகா அக்கா பின்தங்க ஆரம்பித்தார். மற்றவர்கள் நட்டு நகர்ந்த பச்சைக்கு நடுவே, அவர் பங்கு மட்டும் ஒரு நாக்கு மாதிரி வெறும் சேறாக நீண்டு கிடந்தது. அதை மறைக்க முடியாது. வரப்பிலிருந்து பார்த்தால் அதுதான் முதலில் கண்ணில் படும்.

"என்ன மல்லிகா, நடுவுல வாய்க்கால் விடுறியா?" என்றார் நிலத்துக்காரர்.

ராசாத்தி அக்கா நிமிர்ந்தார். அவர் கையில் நாற்று இருந்தது. இரண்டு கை வீச்சு போதும், அந்த நாக்கு மறைந்துவிடும். பொழுது சாய்வதற்குள் வயல் முடியும், நிலம் கையை விட்டுப் போகாது. அவர் நிலத்துக்காரரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"டாக்டர் தம்பி, சொல்லுங்க. கை வைக்கவா, வேணாமா?"

எந்தப் பரீட்சையிலும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. வேண்டாம் என்று சொன்னால் பத்துக் குடும்பத்தின் வேலை போகிறது. அதைப் போக்க நான் யார்? எனக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். வையுங்கள் என்று சொன்னால், இத்தனை நாள் சொன்னதெல்லாம் கரையில் நிற்கிறவன் பேச்சு என்றாகிவிடும்.  அப்போதுதான் டாக்டரின் அறையும், வெளியே கிடந்த பெஞ்சும் நினைவுக்கு வந்தன. இப்போதும் காலுக்குச் சொந்தக்காரரை விட்டுவிட்டு வேறு யாரையோ கேட்கிறோம்.

"என்னைக் கேக்காதீங்க அக்கா. அவங்களைக் கேளுங்க."

மல்லிகா அக்கா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நட்டுக்கொண்டே சொன்னார். "எவளாச்சும் என் பங்குல ஒரு நாத்து வச்சீங்க, நான் கரையேறிடுவேன். ஏறினா இந்த ஜென்மத்துல திரும்ப இறங்க மாட்டேன்."

யாரும் வைக்கவில்லை. ராசாத்தி அக்கா கையிலிருந்த நாற்றைத் தன் பங்கில் ஊன்றினார். மிக மெதுவாக ஊன்றினார். அடுத்தவரும் மெதுவானார். அதற்கடுத்தவரும்.  ஒன்பது பேரும் மல்லிகா அக்காவின் வேகத்துக்கும் கீழே இறங்கிவிட்டார்கள். அந்தச் சேற்று நாக்கு சுருங்கிச் சுருங்கி, வரிசை மறுபடி நேரானது. கை கொடுக்காமல் கூட நிற்க முடியும் என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பொழுது சாய்ந்தது. ஒரு மூலை மிச்சம்.

"நான் சொன்னது சொன்னதுதான்" என்று நிலத்துக்காரர் குடையை மடக்கினார்.

"சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்ங்க" என்றார் மல்லிகா அக்கா. முழங்கால் வரை சேறு, இடது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. "நாளைக்குக் காலையில வந்து மிச்சத்த முடிச்சிட்டுத்தான் போவோம். மிஷினுக்கு நீங்க தாராளமா சொல்லிக்குங்க. ஆனா பாட்டில் பொறுக்குறதுக்கும் ஒரு மிஷின் பாத்து வச்சுக்குங்க."

வந்தார்கள். முடித்தார்கள். நிலத்துக்காரரும் சொன்னபடியே அடுத்த குறுவைக்கு மிஷின் வைத்துக்கொண்டார். இவர்களும் வேறு ஊர் நிலங்களைப் பிடித்தார்கள். போன் இன்றைக்கும் மல்லிகா அக்காவுக்குத்தான் வருகிறது.

அந்தக் குறுவை தொடங்குவதற்கு முன்னால் ஒருநாள், அவர் டாக்டரின் அறைக்குள் அவராகவே நுழைந்தார். மேசை விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, வலது காலை மடக்கி, இடது காலில் எக்கி நின்றார். குதிகால் எழும்பியது. வலது அளவுக்கு வரவில்லை, இரண்டு விரற்கடை குறைவுதான். அது இனிமேலும் வராமல் போகலாம். செத்துப்போன சில நார்கள் செத்ததுதான், மிச்சம் இருப்பவை தடித்து அவற்றின் பாரத்தையும் தூக்குகின்றன. உங்களிடம் வருகிறவர்களுக்கு இதை மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் எவ்வளவு போதும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். யார் சொன்னாலும் கேட்காதீர்கள், கதவைத் திறந்து வெளியே பெஞ்சில் இருப்பவரைக் கூப்பிடுங்கள்.

"ஓட்டப்பந்தயம் இல்ல டாக்டர், சும்மாதான்" என்று சொல்லிவிட்டு அக்கா குதிகாலை இறக்கினார். டாக்டர் சிரித்துவிட்டார். மனிதர் கெட்டவர் இல்லை. கிரிக்கெட் பையனுக்குத் தட்டியது போல இவருக்கும் தட்டப் போனவர், முதுகு எட்டும் தூரத்தில் இல்லாததால் மேசையைத் தட்டினார்.

மூன்று மாவில் மிச்சமிருந்த அந்த மூலையை முடிக்கப் போன காலையில் அவர்கள் வேறொரு வயலுக்குப் போயிருக்க வேண்டியது. அந்த நடவு வேறு ஆட்களுக்குப் போய்விட்டது. நிலத்துக்காரரும் தாமதத்துக்கென்று கூலியில் கொஞ்சம் பிடித்துக்கொண்டார். நஷ்டம் மொத்தத்தையும் தானே ஏற்றுக்கொள்வதாக மல்லிகா அக்கா சொன்னார். "உன் பங்குல கை வைக்கக் கூடாதுன்னியே, எங்க பங்குல மட்டும் நீ கை வைக்கலாமாக்கும்?" என்று ராசாத்தி அக்கா அதட்டிவிட்டார். பத்துப் பேரும் சமமாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு கெண்டைக்காலுக்கு அந்தக் கூட்டம் கொடுத்த விலை, மொத்தம் ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்.